உஷார்! நீதிமன்றக் கடதாசியை றங்குப் பெட்டிக்குள் போடாதீர்கள்

தபால்காரர் பதிவுத் தபாலோடு படலையடியில் நின்று பெயரைக் கூப்பிட்டால், "ஆள் இல்லையெண்டு சொல்லிவிடு" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வருகிறது. செட்டிகுளத்துப் பக்கம் பல வீடுகளில் இதைக் கேட்கலாம். லீசிங் கொம்பனியின் கடிதமாகத்தான் இருக்கும், கையெழுத்துப் போட்டு வாங்காவிட்டால் ஒன்றும் செய்யமாட்டார்கள் என்று நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையை இன்றைக்கே விட்டுவிடுங்கள். வளவும் வயலும் கைமாறிப் போவது இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது.

நீதிமன்றத் தீர்ப்பை நிறைவேற்றும் பிஸ்கால் ஜீப்பில் வந்து இறங்கும் நாளைத்தான் எல்லோரும் பயப்படும் நாளாக நினைக்கிறார்கள். அந்த நாளில் செய்வதற்கு மிச்சமிருப்பது மிகக் கொஞ்சம். அதற்கு மாதக்கணக்கில் முன்னரே, ஏன் வருடக்கணக்கில் முன்னரே, காரியம் முடிந்திருக்கும். நீங்கள் போகாத ஒரு தவணையில், நீங்கள் வாசிக்காத ஒரு கடதாசியின் பேரில் அது முடிந்திருக்கும்.

இலங்கையில் கடன் வழக்கு நடப்பது குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி. வெள்ளைக்காரன் காலத்தில், 1889இல் ஆக்கிய சட்டம். பலமுறை திருத்தியும் எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது. அதன்படி அழைப்பாணை முதலில் பதிவுத் தபாலில் வரும். தபால் திரும்பிப் போனால் வழக்கு நின்றுவிடாது. நேரில் கொண்டுவந்து கொடுக்க நீதிமன்றம் உத்தரவிடும். அப்போதும் ஆளைப் பிடிக்க முடியாவிட்டால், நீங்கள் கடைசியாக இருந்த வீட்டின் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் ஒட்டிவிட்டுப் போகச் சொல்லலாம். ஒட்டியதாகச் சத்தியக்கடதாசி போனால், உங்கள் கையில் தந்ததற்குச் சமன். மழைக்கு நனைந்து விழுந்ததோ, சின்னப் பிள்ளை கிழித்து எறிந்ததோ வழக்கேட்டில் ஏறாது.

எங்கள் ஊருக்கென்று ஒரு தனி ஆபத்தும் இருக்கிறது. செட்டிகுளத்தில் இன்று குடியிருக்கிற எத்தனை பேருடைய அடையாள அட்டையில் செட்டிகுளம் என்று இருக்கிறது? கிளிநொச்சி விலாசம், முல்லைத்தீவு விலாசம், மன்னார் விலாசம், இடம்பெயர்ந்து இருந்த உறவுக்காரர் வீட்டு விலாசம். 2009இல் மெனிக் பாம் முகாமுக்குள் வந்து, 2012 செப்டெம்பரில் அது மூடப்பட்டபோது திரும்பிப் போனவர்களும் உண்டு. கலியாணம் முடித்தும் காணி கிடைத்தும் இங்கேயே தங்கியவர்களும் உண்டு. கடன் விண்ணப்பத்தில் எழுதிய விலாசம் எதுவோ, கடதாசி அங்கேதான் போகும். அந்த வீடு பூட்டிக் கிடக்கலாம், வேறு ஆட்கள் இருக்கலாம். கதவில் ஒட்டிய அழைப்பாணையை நீங்கள் கண்ணாலும் காணாமலே வழக்கு உங்களுக்கு எதிராக ஓடிக்கொண்டிருக்கும். கடன் எடுத்த பிறகு வீடு மாறியிருந்தால், புதிய விலாசத்தை எழுத்தில் கொடுத்து, கொடுத்ததற்குச் சாட்சியாகப் பதிவுத் தபால் துண்டையும் பத்திரமாக வைத்திருங்கள். கொம்பனிக்காரனுக்கு நாங்களே வழிகாட்டுவதா என்று யோசிக்கவேண்டாம். அவர்கள் உங்களை எப்படியும் கண்டுபிடிப்பார்கள். ஆனால் தீர்ப்பு வந்த பிறகுதான் கண்டுபிடிப்பார்கள்.

அழைப்பாணையைக் கையில் எடுத்தால் மேலே நீதிமன்றத்தின் பெயர் இருக்கும், வழக்கு இலக்கம் இருக்கும், நீங்கள் முன்னிற்கவேண்டிய தேதி இருக்கும், பதிவாளரின் கையெழுத்தும் முத்திரையும் இருக்கும். "வழக்காளி" என்ற இடத்தில் கொம்பனியின் பெயர். "எதிராளி" என்ற இடத்தில் உங்களுடைய பெயர். அதற்குக் கீழே இரண்டாம் எதிராளி, மூன்றாம் எதிராளி என்று பிணைக்குக் கையெழுத்து வைத்தவர்களின் பெயர்கள். கூடவே வழக்குரையின் பிரதி பின்னால் குத்தியிருக்கும். எவ்வளவு கேட்கிறார்கள், என்ன வட்டி போட்டிருக்கிறார்கள் என்பதெல்லாம் அதற்குள்தான் கிடக்கிறது. அந்தத் தேதிக்கு நீங்கள் போகாமல் விட்டால், அல்லது மறுமொழி அணைக்காமல் விட்டால், ஒருதலை விசாரணை நடக்கும். கொம்பனியின் ஆள் ஒருவர் சாட்சிக் கூட்டில் ஏறிக் கணக்குப் புத்தகத்தைக் காட்டுவார். குறுக்கு விசாரணை செய்ய ஆள் இல்லை. நீங்கள் கட்டிய தவணை கணக்கில் ஏறவில்லை என்று சொல்ல ஆள் இல்லை. கேட்ட தொகைக்கு அப்படியே தீர்ப்பாணை எழுதப்படும்.

இங்கே சட்டம் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. ஒருதலைத் தீர்ப்பாணையின் பிரதி உங்களுக்குச் சேர்ப்பிக்கப்படவேண்டும். சேர்ப்பித்த நாளிலிருந்து 14 நாட்களுக்குள், வராமல் விட்டதற்கு நியாயமான காரணம் இருந்தது என்று நீதிமன்றத்தில் காட்டினால், தீர்ப்பாணையை நீக்கி, நீங்கள் வராமல் விட்ட கட்டத்திலிருந்து வழக்கை மறுபடி நடத்தலாம். ஆஸ்பத்திரியில் கிடந்தேன், அழைப்பாணை எனக்குக் கிடைக்கவேயில்லை, பழைய விலாசத்துக்குப் போய்விட்டது என்பவையெல்லாம் நிரூபித்தால் எடுபடக்கூடிய காரணங்கள். ஆனால் 14 நாள் என்றால் 14 நாள். மகன் வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பட்டும், அறுவடை முடியட்டும், கோயில் திருவிழா போகட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தால் அந்தக் கதவு சாத்திக்கொள்ளும். கடதாசி கிடைத்த தேதியை அந்தக் கடதாசியின் மேலேயே பேனையால் எழுதுங்கள். அடுத்த நாளே சட்டத்தரணியிடம் கொண்டுபோங்கள்.

இன்னொரு விதமான கடதாசியும் வரும். அதைக் கண்டால் இரட்டிப்புக் கவனம் வேண்டும். வங்கிகளுக்கும் அனுமதி பெற்ற கடன் நிறுவனங்களுக்குமென்று 1990இல் 2ஆம் இலக்கச் சட்டமாக, கடன் அறவிடல் விசேட ஏற்பாடுகள் சட்டம் கொண்டுவரப்பட்டது. 150,000 ரூபாவுக்கு மேற்பட்ட கடனுக்கு இந்த வழியில் வழக்குப் போடலாம். இதில் "வந்து மறுமொழி சொல்லு" என்று நீதிமன்றம் கேட்பதில்லை. கொம்பனி தரும் பத்திரங்களைப் பார்த்துவிட்டு, ஒரு நிபந்தனைத் தீர்ப்பாணையை முதலே எழுதி உங்களுக்கு அனுப்பிவிடும். நீங்கள் போய் எதிர்த்துப் பேசுவதற்கே முதலில் அனுமதி கேட்கவேண்டும். சத்தியக்கடதாசியோடு போய், விசாரிக்கப்படவேண்டிய ஒரு கேள்வி இந்த வழக்கில் இருக்கிறது என்று நீதிபதிக்குத் திருப்தி ஏற்படுத்தவேண்டும். காசையோ பொறுப்பையோ முன்கூட்டி வைக்கச் சொல்லவும் இடமுண்டு. குறித்த நாளில் போகாவிட்டால் அந்தத் தீர்ப்பாணை இறுதியாகிவிடும். சாதாரண அழைப்பாணையென்று நினைத்து, "முதல் தவணைதானே, அடுத்த தவணைக்குப் போகலாம்" என்று இருந்தவர்களுக்கு இதில் அடுத்த தவணையே கிடையாது.

கொழும்பிலிருந்து நடுத்தீர்ப்பு என்று தலைப்பிட்டு வரும் கடிதமும் இப்படித்தான். நீதிமன்றத்தின் பெயர் அதில் இருக்காது, அதனால் யாரும் கணக்கெடுப்பதில்லை. லீசிங் ஒப்பந்தங்கள் பலவற்றில் பிணக்கு வந்தால் நடுத்தீர்ப்பாளரிடம் போவது என்று ஒரு வாசகம் ஏற்கனவே அச்சடித்திருக்கிறது. நீங்கள் அதற்குக் கையெழுத்து வைத்திருக்கிறீர்கள். 1995ஆம் ஆண்டின் நடுத்தீர்ப்புச் சட்டத்தின்படி அந்தத் தீர்ப்பை மேல் நீதிமன்றத்தில் பதிந்து, நீதிமன்றத் தீர்ப்பைப் போலவே நிறைவேற்றலாம். அதை எதிர்ப்பதற்கு, தீர்ப்பு கையில் கிடைத்து 60 நாள்தான் இருக்கிறது.

கடதாசி சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தால் அதற்காக ஒதுக்கிவைக்காதீர்கள். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை, வழக்காடுபவர் தன் மொழியில் விளங்கிக்கொள்வதற்கு மொழிபெயர்ப்பும் உரைபெயர்ப்பும் பெறும் உரிமையைக் கொடுத்திருக்கிறது. ஆனால் அந்த உரிமை நீதிமன்றத்துக்குப் போனவருக்குத்தான் பயன்படும்.

இனிப் பிணைக் கையெழுத்து. இதைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு ஆத்திரமும் வருகிறது, பயமும் வருகிறது. "அண்ணை, ரெண்டு பேர் பிணை வேணுமாம், சும்மா ஒரு பேருக்குத்தான், இந்தப் புள்ளடி போட்ட இடத்திலை மட்டும் வையுங்கோ" என்று கேட்டு வருகிறவர் பக்கத்து வளவுக்காரராக இருப்பார், மச்சானாக இருப்பார், முகாமில் ஒரே கூடாரத்துக்குள் கிடந்தவராக இருப்பார். மறுக்க மனம் வராது. அந்தப் படிவத்தை ஒருமுறை முழுதாக வாசித்துப் பாருங்கள், அல்லது வாசிக்கத் தெரிந்தவரைக் கொண்டு வாசிப்பியுங்கள். எங்கள் நாட்டில் பிணைக்குப் பொருந்துவது உரோம ஒல்லாந்தச் சட்டம். அந்தச் சட்டம் பிணையாளிக்கு அருமையான ஒரு பாதுகாப்பைக் கொடுத்திருக்கிறது: முதலில் கடன் எடுத்தவரின் சொத்தைத் தேடிப் பிடித்து விற்றுப் பார், போதாவிட்டால் மாத்திரம் என்னிடம் வா என்று சொல்லும் உரிமை. பிணையாளிகள் பலராக இருந்தால் என் பங்கை மட்டும் என்னிடம் கேள் என்று சொல்லும் உரிமையும் உண்டு. இந்த இரண்டு உரிமைகளையும் "துறக்கிறேன்" என்றுதான் அந்தப் படிவத்தின் நடுவில், பொடி எழுத்தில், பெரும்பாலும் ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கிறார்கள். புள்ளடி போட்ட இடத்தில் கையெழுத்து வைக்கிறபோது அந்த வாசகத்துக்கும் சேர்த்தே வைக்கிறீர்கள். பிறகு கொம்பனி கடன் எடுத்தவரைத் தேடி அலையத் தேவையில்லை. யாருக்குக் காணி உறுதி இருக்கிறது, யாருக்கு மாதச் சம்பளம் இருக்கிறது என்று பார்த்து நேரே அவரிடமே வரலாம், முழுத் தொகைக்கும் வரலாம். ஆசிரியரையும் அரசாங்க ஊழியரையும் தேடித்தேடிப் பிணைக்குக் கேட்பது இதற்காகத்தான்.

பெண்களுக்கு இதிலே இன்னொரு பொறி இருக்கிறது. தேசவழமைக்கு உட்பட்ட குடும்பங்களில் மனைவியின் சீதனச் சொத்து கணவனுடைய கடனுக்குப் பொறுப்பாகாது. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள் மற்றும் மரபுரிமைக் கட்டளைச் சட்டம் இதை வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்கிறது. விதிவிலக்கும் அங்கேயே இருக்கிறது: அந்தச் சொத்தைப் பயிரிட, பராமரிக்க, திருத்த, அதன் வரி கட்ட என்று கணவன் பட்ட கடனுக்கு அந்தச் சொத்து பொறுப்பு. சீதன வயலை உழுது விதைக்கத்தான் இந்தக் கடன் என்று விண்ணப்பத்தில் எழுதிக் கொடுத்திருந்தால் பாதுகாப்பு அங்கேயே ஆட்டம் கண்டுவிடும். அதைவிட மோசமானது மனைவியே பிணையாளியாகக் கையெழுத்து வைப்பது. அப்போது அது கணவனின் கடன் என்ற பேச்சுக்கே இடமில்லை. அவளுடைய சொந்தக் கடன். தாய் தந்தை வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிக் கொடுத்த சீதனக் காணி, உழவு இயந்திர லீசிங் பத்திரத்தில் வைத்த ஒரு கையெழுத்தால் நீதிமன்றத்தின் கைக்கு எட்டும் தூரத்தில் வந்துவிடும். கலியாணத்துக்குப் பிறகு சேர்த்த தேடிய தேட்டத்தின் கதை வேறு. மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பங்களுக்கும் முஸ்லிம் குடும்பங்களுக்கும் பொருந்தும் சட்டமும் வேறு. உங்களுக்கு எது பொருந்தும் என்பதைக் கையெழுத்து வைப்பதற்கு முதல் கேளுங்கள்.

தீர்ப்பாணை வந்து, நீங்களும் கட்டாமல் விட்டால், வழக்காளி நிறைவேற்று எழுத்தாணை கேட்பார். அது பிஸ்காலின் கைக்குப் போகும். 48 மணித்தியாலத்துக்குள் அவர் உங்கள் வீட்டுக்கு வந்து முதலில் காசைக் கேட்கவேண்டும் என்பது சட்டம். கட்டாவிட்டால் அசையும் சாமான்களைக் கைப்பற்றலாம்; காணியென்றால், விற்கவோ ஈடு வைக்கவோ கூடாது என்று அறிவித்தல் எழுதி ஒட்டி, அதைக் காணிப் பதிவகத்திலும் பதிவிக்கலாம்.

எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போக முடியாது. இதைத் தெரியாமல் பயத்தில் கொடுத்துவிடுகிறார்கள். சட்டக்கோவையின் 218ஆம் பிரிவு சில பொருட்களில் கைவைக்கக்கூடாது என்கிறது. உங்களுக்கும் மனைவி பிள்ளைகளுக்கும் தேவையான உடுபுடவை, படுக்கை சாமான். தொழிலாளியென்றால் அவருடைய தொழில் ஆயுதங்கள். கமக்காரர் என்றால் கமத்துக்கான உபகரணங்கள், பிழைப்புக்குத் தேவையென்று நீதிமன்றம் கருதும் மாடுகள், விதைநெல். கூலியாட்களின் கூலி. காலபோகத்துக்கு வைத்த விதைநெல் மூட்டையைத் தூக்க வந்தால், இது விதைநெல், 218ஆம் பிரிவு என்று நிதானமாகச் சொல்லுங்கள், எழுதியும் கொடுங்கள். ஆனால் லீசிங்கில் எடுத்த லாண்ட்மாஸ்டருக்கு இந்தப் பாதுகாப்பைக் காட்டி நிற்க முடியாது, ஏனென்றால் கடைசித் தவணை முடியும்வரை அது கொம்பனியின் சொத்து. அறுவடைக்கு ஒருமுறை காசு காணும் கமக்காரனை மாதம் மாதம் தவணை கட்ட வைக்கும் ஒப்பந்தம் எங்கே போய் முடியும் என்பது கையெழுத்து வாங்குகிறவருக்கு நன்றாகத் தெரியும். நாங்களும் தெரிந்துகொண்டு கையெழுத்து வைக்கவேண்டும்.

முற்றத்தில் நிற்கும் மோட்டார் சைக்கிள் உங்கள் தம்பியினுடையதாக இருக்கலாம். அலுமாரி மாமியாருடையதாக இருக்கலாம். அதை அந்த இடத்திலேயே பிஸ்காலிடம் சொல்லவேண்டும், உரியவர் தன் பத்திரங்களோடு உரிமை கோரவேண்டும். பிஸ்கால் அதை நீதிமன்றத்துக்கு அறிவிப்பார், நீதிமன்றம் விசாரிக்கும். உரிமை மறுக்கப்பட்டால் தனி வழக்குப் போட 14 நாள். இங்கும் அதே 14 நாள்தான். பொருள் ஏலம் போன பிறகு "அது என்ரை" என்று அழுவது வீண்.

வாகனத்தைத் தூக்க வரும் எல்லோரும் பிஸ்கால் அல்ல. காற்சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாக நாலு பெடியள் சந்தியில் மறித்துத் திறப்பைப் பிடுங்கினால், அவர்களிடம் எழுத்தாணை இருக்கிறதா, எந்த நீதிமன்றம், வழக்கு இலக்கம் என்ன என்று கேளுங்கள். லீசிங் வாகனத்தைத் திரும்ப எடுக்கக் கொம்பனிக்குச் சட்டவழி இருக்கிறது. அடித்து, மிரட்டிப் பறிப்பதற்கு எந்தச் சட்டமும் எவருக்கும் உரிமை கொடுக்கவில்லை. வாகன இலக்கத்தைக் குறித்துக்கொண்டு 119க்கு அறிவியுங்கள், பொலிஸில் முறைப்பாடு போட்டுப் பிரதியை வாங்குங்கள். அதேபோல் உண்மையான பிஸ்கால் வந்தால் மறித்துச் சண்டை பிடிக்காதீர்கள். நீதிமன்ற உத்தியோகத்தரின் கடமைக்கு இடைஞ்சல் செய்தால் கடன் வழக்கோடு குற்ற வழக்கும் சேர்ந்துகொள்ளும்.

வழக்கு வந்ததும் காணியை மச்சானுக்கோ மகளுக்கோ நன்கொடை உறுதி எழுதிப் போடும் யோசனையை யாராவது சொன்னால் காதில் போடாதீர்கள். கைப்பற்றல் அறிவித்தல் பதிவானதன் பிறகு எழுதும் உறுதி, அந்தத் தீர்ப்பாணைக்கு முன்னால் செல்லாது. அதற்கு முதல் எழுதியிருந்தாலும், கடன்காரரை ஏமாற்ற எழுதியது என்று காட்டி அதை நீக்கச் சொல்லி வழக்குப் போட உரோம ஒல்லாந்தச் சட்டம் வழி விட்டிருக்கிறது. கொழும்பிலோ கனடாவிலோ இருந்துகொண்டு செட்டிகுளத்தில் காணி வாங்குகிறவர்களும் இதைக் கவனிக்கவேண்டும். வவுனியா காணிப் பதிவகத்தில் அந்தக் காணியின் பதிவேட்டைப் பார்க்காமல் ஒரு சதமும் கொடுக்கக்கூடாது.

பிரிக்காத முதுசக் காணியில் ஒருவருடைய பங்கை மட்டும் கைப்பற்றி விற்கவும் முடியும். வாங்கியவர் முன்பின் தெரியாத ஆளாக இருப்பார். அவர் பங்காளியாகிப் பாகப்பிரிவினை வழக்குப் போடுவார். ஒரு தம்பியின் மோட்டார் சைக்கிள் கடன் நாலு சகோதரங்களைக் கோடு கச்சேரி என்று அலையவைக்கும்.

ஒப்பக் காணி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைத்த காணியைப் பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதமில்லாமல் கைமாற்ற முடியாது. கடனுக்காகக் கைப்பற்றுவதற்கும் அந்தச் சட்டம் தடைகள் வைத்திருக்கிறது. உங்கள் காணி ஒப்பக் காணி என்பதை நீதிமன்றத்துக்கு நீங்கள்தான் சொல்லவேண்டும், ஒப்பத்தைக் காட்டவேண்டும். அந்த ஒப்பத்தையே வட்டிக்காரரிடம் ஈடாகக் கொடுத்துவிட்டு வெற்றுக் கடதாசியிலும் கையெழுத்து வைத்துக் கொடுத்தால், தேவையான நேரத்தில் காட்டுவதற்கு உங்களிடம் ஒன்றும் இருக்காது.

இனிச் சொல்லப்போவது நேர்மையாகக் காசு கட்டுகிறவர்களைக் கவிழ்க்கும் விடயம். தீர்ப்பாணை வந்த பிறகு கொம்பனியின் கலெக்டர் வீட்டுக்கு வருவார், மாதம் மாதம் காசு வாங்குவார், துண்டு தருவார், சிலவேளை தரமாட்டார். நீங்கள் நிம்மதியாக இருப்பீர்கள். சட்டக்கோவையின் 349ஆம் பிரிவைப் பாருங்கள்: தீர்ப்பாணைக் காசை நீதிமன்றத்துக்கு வெளியே கட்டினால், அது நீதிமன்றத்தில் உறுதிப்படுத்திப் பதியப்படவேண்டும். பதியாத கொடுப்பனவை நிறைவேற்று நீதிமன்றம் ஏற்காது. கொம்பனி பதியாவிட்டால் நீங்களே மனுப்போட்டுப் பதிவிக்கலாம். பதியாமல் விட்டால், கட்டிய காசையே மறுபடி கேட்டு எழுத்தாணை வரும், கையில் துண்டுகளை வைத்துக்கொண்டு நீங்கள் ஏலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டி வரும். தீர்ப்பாணைக்குப் பிறகு ஒரு ரூபா கட்டினாலும் வழக்கு இலக்கம் எழுதிய பற்றுச்சீட்டு வாங்குங்கள், சட்டத்தரணி மூலம் வழக்கேட்டில் ஏற்றுங்கள். வழக்கை "கதைத்து முடித்துத் தருகிறேன்" என்று காசு கேட்கும் தரகர்களின் பக்கமே போகாதீர்கள்.

நீதிமன்றத்துக்குப் போனால் மானம் போய்விடும் என்று பயப்படுகிறவர்கள், போனால் என்ன கிடைக்கும் என்பதையும் அறியவேண்டும். ஈடு வைக்காத பணக் கடனென்றால் தீர்ப்பாணைத் தொகையைத் தவணை முறையில் கட்ட நீதிபதி அனுமதிக்கலாம். 194ஆம் பிரிவு அந்த அதிகாரத்தைக் கொடுக்கிறது. வருமானம் இவ்வளவு, பிள்ளைகள் இத்தனை பேர், அறுவடை இந்த மாதம் என்று நேரில் நின்று சொல்லுகிறவருக்குத்தான் அது கிடைக்கும். கொம்பனிகளும் ஏலத்தைவிடச் சமரசத்தையே விரும்பும் கட்டம் ஒன்று உண்டு. அந்தக் கட்டம் வழக்கின் தொடக்கத்தில் வருகிறது.

ஏலம் முறைகேடாக நடந்து, அதனால் பெரிய நட்டம் வந்தது என்று காட்ட முடிந்தால் அதை நீக்கக் கேட்கலாம், அதற்கு 30 நாள் கெடு. மேன்முறையீட்டு மனு போட்டதால் மட்டும் எழுத்தாணை தானாக நின்றுவிடாது. வங்கியில் காணியை ஈடு வைத்துப் பெரிய கடன் எடுத்தவர்கள் வேறொன்றையும் நினைவில் வைக்கவேண்டும்: 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின்படி வங்கியின் பணிப்பாளர் சபையே தீர்மானம் போட்டு, நீதிமன்றத்துக்குப் போகாமலே ஈட்டுச் சொத்தை ஏலம் விடலாம். 2011இல் வந்த திருத்தம் 50 இலட்சம் ரூபாவுக்குக் குறைந்த மூலக் கடனுக்கு அதைத் தடுத்தது. பொருளாதார நெருக்கடியின் பிறகு 2024இல் இந்த அதிகாரத்தைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தார்கள். அந்த நிறுத்தத்தை நம்பி இன்னும் இருப்பவர்கள் உடனே வங்கிக்குப் போய் எழுத்தில் கேளுங்கள்.

"அரசாங்கம் கடனைத் தள்ளிவிட்டதாம், கட்டத் தேவையில்லையாம்" என்ற கதையும் எங்கள் ஊரில் அடிக்கடி கிளம்புகிறது. அதற்கு ஒரு வேர் இருக்கிறது. நுண்கடன் வன்னிப் பெண்களை நெரித்துக்கொண்டிருந்த 2018இல், அன்றைய நிதியமைச்சர் மங்கள சமரவீர, வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பட்ட 100,000 ரூபாவுக்கு மேற்படாத நுண்கடன்களுக்கு நிவாரணம் அறிவித்தார். மூன்று மாதமும் அதற்கு மேலும் நிலுவையில் கிடந்த கடன்களுக்குத்தான் அது. எல்லைகள் போட்ட நிவாரணம் அது. ஒருமுறை வந்து முடிந்தது. லீசிங்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, பிறகு எடுத்த கடன்களுக்கும் சம்பந்தமில்லை. யாரோ சொன்ன இந்தக் கதையை நம்பி அழைப்பாணைக்குப் போகாமல் விட்டால், நீதிபதியிடம் அது காரணமாகாது.

சத்தம் இல்லாமல் கிடந்தால் வழக்கு செத்துவிட்டது என்றும் எண்ணவேண்டாம். தீர்ப்பாணையை நிறைவேற்றக் கேட்பதற்குச் சட்டம் கொடுத்திருக்கும் காலம் 10 வருடம். ஆறு வருடம் ஒன்றும் நடக்கவில்லை என்றால் கொம்பனி மறந்துவிட்டது என்று அர்த்தமில்லை; நீங்கள் வீட்டுத் திட்டத்தில் கிடைத்த வீட்டைக் கட்டி முடிக்கும்வரை, காணிக்கு விலை ஏறும்வரை இருக்கிறார்கள் என்றும் இருக்கலாம். கடன்பட்டவர் இறந்துபோனாலும், அவரிடமிருந்து பிள்ளைகளுக்கு வந்த சொத்தின் அளவுக்கு அது பிள்ளைகளைத் தொடரும். அந்த அளவுக்கு மேல் பிள்ளைகளின் சொந்த உழைப்பில் கைவைக்க முடியாது. இதைத் தெரியாமல், செத்த தகப்பனின் முழுக் கடனுக்கும் மகன் புதிதாகக் கையெழுத்து வைத்துக் கொடுக்கிறான். வைக்காதீர்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து "வழக்கை ஏற்றுக்கொள்கிறேன்" என்று நீட்டும் கடதாசிக்கும் வாசிக்காமல் கையெழுத்து வைக்காதீர்கள்.

சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லை என்பவர்களுக்காக 1978ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவாக்கிய சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, வவுனியாவில் அதன் நிலையம் இயங்குகிறது. வருமானம் குறைந்தவர்களுக்காக அவர்களே நீதிமன்றத்தில் தோன்றுவார்கள். செட்டிகுளத்திலிருந்து காலை பஸ்ஸில் ஏறினால் மத்தியானத்துக்குள் போய்க் கதைத்துவிடலாம். போகும்போது அழைப்பாணையையோ தீர்ப்பாணையையோ அது வந்த கடித உறையோடு கொண்டுபோங்கள், உறையில் உள்ள தபால் முத்திரைத் தேதி தேவைப்படும். கடன் ஒப்பந்தத்தின் பிரதி, கட்டிய துண்டுகள் எல்லாம், அடையாள அட்டை, காணி உறுதி அல்லது ஒப்பம், கிராம அலுவலரின் வதிவிடக் கடிதம் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். ஒப்பந்தப் பிரதி உங்களிடம் இல்லாவிட்டால் கொம்பனியிடம் எழுத்தில் கேளுங்கள். கடதாசி எதுவுமே இல்லை, வழக்கு இருப்பதாக ஊரில் ஒரு கதை மட்டும்தான் காதில் விழுந்தது என்றாலும் சும்மா இருக்காதீர்கள். மாவட்ட நீதிமன்றப் பதிவாளர் காரியாலயத்தில் உங்கள் பெயரில் வழக்கு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இருந்தால், அடுத்த தேதி எப்போது என்பதைக் கேட்டு எழுதிக்கொண்டு அன்றைக்கே சட்ட உதவி நிலையத்துக்குப் போங்கள்.